போதையில்லாப் பரவசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மது, கஞ்சா, மாத்திரை எதுவும் இல்லாமல் உடம்பும் மனசும் ஒருசேரப் பொங்கும் நிலைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், எவ்வளவு குளிர், எங்கே தவறும், ஏன் தவறும் என்று விவரமாகவே சொல்கிறோம்.

போதைக்கு ஈடாக உண்மையிலேயே ஏதாவது வருமா?

உச்சத்தின் உயரத்தில் ஈடாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த எதிர்பார்ப்போடு வருகிறவர்கள்தான் இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறார்கள். போதைப்பொருள் வெளியிலிருந்து நுழைந்து மூளையின் ஏற்பிகளை (ரசாயனங்கள் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை) ஒரே நேரத்தில் நிரப்பிவிடுகிறது. உடம்பு தானே சுரப்பது தேவையான இடத்தில், தேவையான அளவுக்குச் சுரந்து சீக்கிரமே கரைந்துவிடும். அதனால் உச்சம் சற்றுத் தாழ்வாக இருக்கும். ஆனால் மறுநாள் காலை நடுக்கமும் வெறுமையும் இருக்காது.

உடம்புக்குள்ளேயே இந்தச் சரக்கு இருக்கிறது என்பது ஒன்றும் பழங்காலத்து அறிவு இல்லை. 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அபின் வகைப் பொருள்கள் போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். அப்படியென்றால் அதில் ஒட்டக்கூடிய ஏதோ ஒன்றை உடம்பே சுரக்க வேண்டும் அல்லவா? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் என்கெஃபலின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத்தான் எண்டார்ஃபின் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் பிடிபட்டது அதுதான். கஞ்சாவின் ஏற்பிகளில் ஒட்டும் ஆனந்தமைடு 1992-ல் ஜெருசலேமில் ரஃபேல் மெஷூலமின் ஆய்வுக்கூடத்தில் பிடிபட்டது. கீழே வரும் வழிகள் எல்லாம் இவற்றையும், ஆர்வத்தையும் விழிப்பையும் தூண்டும் டோபமைன், நார்அட்ரினலின் போன்றவற்றையும் சுரக்க வைப்பவைதான்.

ஓடினால் வரும் என்கிறார்களே, அது எண்டார்ஃபினா?

வருவது உண்மை. எண்டார்ஃபின்தான் காரணம் என்ற பேச்சு மட்டும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2008-ல் ஜெர்மனியில் ஓட்டக்காரர்கள் 10 பேரை 2 மணி நேரம் ஓடவிட்டு மூளையை ஸ்கேன் எடுத்தபோது, அபின் வகை ஏற்பிகளில் உடம்பின் சொந்தச் சரக்கு போய் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அதோடு விஷயம் முடிந்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள்.

பிறகு ஹாம்பர்க் ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். அபின் ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைக் கொடுத்து 45 நிமிடம் ஓடவிட்டார்கள். 63 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2021-ல் வெளியானது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவர்களுக்கும் பரவசம் வந்தது, பதற்றமும் குறைந்தது. ரத்தத்தில் ஆனந்தமைடும் கூடியிருந்தது. எண்டார்ஃபின் பெரிய மூலக்கூறு என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆனந்தமைடு கொழுப்பில் கரையும், தடையில்லாமல் நுழைந்துவிடும். ஆகவே, ஓட்டத்தின் பரவசத்தில் பெரிய பங்கு ஆனந்தமைடு வகையைச் சேர்ந்தது என்பதே இப்போதைக்கு வலுவான விளக்கம்.

எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேவிட் ரைக்லன் குழு வெவ்வேறு வேகங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. மெதுவான நடையில் ஆனந்தமைடு ஏறவில்லை. மூச்சு முட்டும் வேகத்திலும் ஏறவில்லை. இதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்கும் நடுத்தர ஓட்டத்தில்தான் ஏறியது. இதே குழு நாய்களையும், வளையில் வாழும் ஃபெரெட் என்ற சிறு விலங்கையும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறது. நாய்க்கு ஏறியது, ஃபெரெட்டுக்கு ஏறவில்லை. நீண்ட தூரம் ஓடி இரை தேடப் பழகிய உயிர்களுக்கே இந்தப் பரிசு கிடைக்கிறது என்பது அவர்கள் ஊகம்.

கணக்கு இப்படி: 220-லிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள், நிமிடத்துக்கு உங்கள் துடிப்பின் உச்சம் கிடைக்கும். 30 வயது என்றால் 190. அதில் 70 சதவீதம் 133, 80 சதவீதம் 152. 45 வயது என்றால் 175, அதாவது 123-லிருந்து 140 வரை. இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு வரை முன்பின் ஆகும். கையில் கடிகாரம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை: ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்புக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சுச் சோதனையை மட்டும் நம்பலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, 30 நிமிடத்துக்குள் எதிர்பார்க்காதீர்கள். 35 முதல் 50 நிமிடத்துக்குள்தான் பலருக்கும் அது எட்டிப் பார்க்கும். மூச்சு காலடிக்கு இசைந்துவிடும், உடம்பின் பாரம் தெரியாது, காலையில் அரித்துக்கொண்டிருந்த கவலை எங்கோ தள்ளிப் போயிருக்கும். சிலருக்கு ஓடும்போது எதுவும் இருக்காது, நின்று வியர்வை துடைக்கும்போதுதான் பொங்கும்.

இதுவரை ஓடியதே இல்லை. எங்கே தொடங்குவது?

வாரம் 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடம் வேக நடை. முதல் 2 வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 சுற்று. அடுத்த 2 வாரம் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, அதுவும் 8 சுற்று. ஐந்தாம், ஆறாம் வாரத்தில் 5 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடந்து 5 சுற்று. ஏழு, எட்டில் 10 நிமிட ஓட்டம் 3 முறை, நடுவே 1 நிமிட நடை. அதன்பின் நிற்காமல் 30 நிமிடம் ஓட வரும். வாரத்துக்கு 3, 4 நிமிடம் கூட்டி 45-ல் நிறுத்துங்கள். பரவசத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டல் என்றால் உடனே நின்றுவிட வேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்ற வீம்பு அங்கே வேண்டாம்.

மூன்று மாதமாக ஓடுகிறேன். எரிச்சலும் களைப்பும்தான் மிச்சம். என்ன தவறு?

முதலில் பார்க்க வேண்டியது தொடக்க வேகம். முதல் 10 நிமிடத்தில் பாய்ந்துவிட்டால் தசையில் அமிலம் சேர்ந்து, மீதி நேரம் முழுக்கத் தாங்கிக்கொள்வதிலேயே போய்விடும். முதல் கால்மணி நேரம் "இவ்வளவு மெதுவா?" என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கும் வேகத்தில் ஓடிப் பாருங்கள்.

அடுத்தது வெயில். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். உடம்பைக் குளிர்விக்கவே ரத்தம் தோலுக்குப் போய்விடும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், நீங்கள் 80 சதவீதத்தைத் தாண்டியிருப்பீர்கள். 5 மணிக்குக் கிளம்பி 6-க்குள் முடியுங்கள். வெயிலில் ஓடும்போது திடீரென்று மயிர்க்கூச்செறிந்து குளிர் எடுத்தால் அதைப் பரவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்புச் சூடு கட்டுப்பாட்டை மீறுகிறது என்று அர்த்தம். நிழலுக்குப் போய் தலை, கழுத்து, அக்குளில் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தண்ணீரும் ஒரு காரணம். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்த்திருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மோசமான நிலையில் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது அது.

போனில் தூரத்தையும் நேரத்தையும் நொடிக்கொரு தரம் பார்ப்பவர்களுக்கும் இந்த நிலை கிட்டாது. எண்களை முடித்த பிறகு பாருங்கள். இவ்வளவும் சரிசெய்து இன்னும் 2 மாதம் பார்த்தும் ஒன்றும் வரவில்லையா? சிலருக்கு ஓட்டத்தில் வருவதே இல்லை. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை, வேறு வழிக்குப் போங்கள்.

முட்டி வலி. ஓடவே முடியாதவர்களுக்கு?

சைக்கிள், நீச்சல், துடுப்பு, மேட்டில் ஏறும் நடை எதுவானாலும் சரி. இதயத் துடிப்பு அதே 70, 80 சதவீதத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சமதள நடையில் பலருக்கும் அந்தத் துடிப்பு எட்டாது. மலைக்கோயில் படிக்கட்டு எட்டவைக்கும். ஏறும்போது முட்டிக்குப் பாரம் குறைவு, இறங்கும்போதுதான் வலி. ரோப் காரோ விஞ்சோ இருந்தால் இறங்க அதைப் பயன்படுத்துங்கள்.

குளிர்ந்த நீரில் குளித்தால் டோபமைன் 250 சதவீதம் கூடும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் நடக்குமா?

நடக்காது. அந்த 250 சதவீதம் செக் நாட்டின் பிராகா நகரில் நடந்து 2000-ல் வெளியான ஆய்விலிருந்து வருகிறது. 14 டிகிரி தண்ணீரில் தலை மட்டும் வெளியே தெரிய 1 மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு நார்அட்ரினலின் 530 சதவீதமும் டோபமைன் 250 சதவீதமும் கூடின. 2 நிமிடக் குளியலுக்கு அந்த எண்ணைச் சொல்வது தவறு. ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு, அது ஆய்வுக்கூடக் கண்காணிப்பில் நடந்த விஷயம். ஆனாலும் 15 டிகிரி தண்ணீரில் 1 முதல் 3 நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்ததும் உடம்பெல்லாம் விழித்துக்கொண்டதுபோல ஒரு துள்ளல் வருவது நிஜம்.

சிக்கல் வெப்பநிலைதான். சமவெளியில் மேல்தொட்டித் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா குழாய்த் தண்ணீர் போதுமான குளிர். லண்டன், டொராண்டோவில் குளிர்காலக் குழாயைத் திறந்தாலே போதும். மற்ற ஊரில் ஐஸ் வேண்டும். 28 டிகிரியில் உள்ள 100 லிட்டரை 15-க்கு இறக்க ஏறக்குறைய 14 கிலோ ஐஸ் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு முறை மீன் சந்தையில் கட்டி ஐஸ் வாங்கி டிரம்மில் உடைத்துப் போடலாம். ஃப்ரிட்ஜ் டிரேயை நம்பினால் ஆகாது. இறங்குமுன் சமையலறை வெப்பமானியை விட்டுப் பாருங்கள், ஊகத்தில் இறங்க வேண்டாம்.

முறை: காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து மார்பு என்று மெதுவாக இறங்குங்கள். முதல் 30 விநாடி மூச்சு தானாகவே இழுத்து இழுத்து வாங்கும். அது குளிர் அதிர்ச்சி. அப்போது வாயைக் குவித்து நீளமாக ஊதிக்கொண்டே இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு கைக்குள் வந்துவிடும். தலையை முழுக்காதீர்கள், அந்த இழுப்பில் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். தனியாகச் செய்யாதீர்கள். முதல் வாரம் 30 விநாடி போதும். வெளியே வந்தபின் துடைத்து உடை மாற்றிவிட்டு நடங்கள். வெந்நீரில் உடனே குதித்தால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து மயக்கம் வரலாம்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, குளிர்பட்டால் தடிப்பு வரும் அலர்ஜி, கர்ப்பம் இருந்தால் இந்த வழி வேண்டாம். முகத்தை மட்டும் ஐஸ் தண்ணீரில் முக்குவது வேறு விஷயம். அது துடிப்பைக் குறைத்து அமைதிப்படுத்தும், துள்ளல் தராது.

பாட்டு கேட்கும்போது புல்லரிக்கிறதே, அதுவும் இதில் சேர்த்தியா?

சேர்த்தி. எங்களைக் கேட்டால், செலவே இல்லாத, ஆபத்தே இல்லாத வழி அதுதான். 2011-ல் மான்ட்ரியாலில், பாட்டு கேட்டால் தவறாமல் புல்லரிக்கும் ஆட்களாகப் பொறுக்கியெடுத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். உச்சம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே ஒரு பகுதியில் டோபமைன் சுரந்தது, உச்சத்தின்போது இன்னொரு பகுதியில் சுரந்தது. ஆக, "இதோ வரப்போகிறது" என்ற காத்திருப்பே பாதிப் பரவசம்.

இதை வைத்துச் செய்ய வேண்டியது எளிது. ஓரளவு தெரிந்த பாட்டாக எடுங்கள். முற்றிலும் புதியதில் எதை எதிர்பார்ப்பது என்று மூளைக்குத் தெரியாது, ஆயிரம் தடவை கேட்டதில் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. நீண்ட ஆலாபனைக்குப் பிறகு தவில் நுழையும் இடம், கச்சேரியில் தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் கோர்வை என்ற முடிப்பு மூன்றாம் முறை வந்து சரியாக இறங்கும் இடம், கோரஸ் எழும்பும்போது ஒற்றைக் குரல் பிரிந்து மேலே போகும் இடம், இவையெல்லாம் புல்லரிக்க வைக்கும் இடங்கள். அந்த இடத்துக்கு நேரே தாவாதீர்கள். முன்னாலுள்ள 5, 6 நிமிடத்தையும் கேட்டால்தான் அது வேலை செய்யும். போனைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடி, நல்ல ஹெட்போனில் கேளுங்கள். புல்லரிப்பே வராதவர்களும் உண்டு, அது இயல்பான வேறுபாடு.

தனியாகச் செய்வதைவிடக் கூட்டமாகச் செய்தால் அதிகம் வருமா?

அதிகம் வரும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டில் துடுப்பு வீரர்களைத் தனியாகவும் அணியாகவும் ஒரே உழைப்பில் எந்திரத்தில் துடுப்புப் போடவைத்தார்கள். அணியாகப் போட்டபின் அவர்களுடைய வலி தாங்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. எண்டார்ஃபின் சுரப்பை நேரே அளக்க முடியாதபோது வலி தாங்கும் திறனை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 2015-ல் பிரேசில் மாணவர்களை ஆடவைத்துச் செய்த ஆய்வில் இரண்டு விஷயம் தனித்தனியே வெளிப்பட்டது. ஒன்று, உடம்பு உழைக்க வேண்டும். இன்னொன்று, எல்லோர் அசைவும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பலன் கூடியது.

கும்மி, ஒயிலாட்டம், கோலாட்டம், பறையாட்டம் எதை எடுத்தாலும் இந்த இரண்டும் அதில் இருக்கின்றன. மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கிடைப்பது வேறு, வட்டத்துக்குள் போனால் கிடைப்பது வேறு. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்ததும் தோளில் மாட்டுகிறார்கள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. முதலில் மெதுவான அடி, கால் அதற்கு இசைய வேண்டும். 10, 15 நிமிடத்தில் அடி நெருங்கும். அதற்குள் மூச்சு இரைத்து, பக்கத்து ஆளின் கால் எப்போது எழும் என்று பார்க்காமலே தெரியும் நிலை வந்திருக்கும். பரவசம் அங்கேதான். புதிதாகக் கற்பவர்கள் அடியை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்வரை அது வராது. ஆகவே முதல் ஒரு மாதம் ஒரே ஒரு அடியை மட்டும் கையே தானாகப் போடும்வரை பழகுங்கள். பல அடிகளை அவசரமாகக் கற்பதால் இந்த நோக்கத்துக்குப் பயனில்லை.

ஆட முடியாதவர்களுக்குக் கூட்டுப்பாட்டு. பஜனையோ, சர்ச் கொயரோ, தெரு முனைக் குழுவோ எதுவானாலும் 8 பேருக்குக் குறையாமல் இருந்தால் தனிக்குரல் பிசிறு தெரியாது, கூச்சம் போய்விடும். சுருதியை எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் வையுங்கள். மைக்கை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் கேட்பவர்களாக மாறிவிடுவார்கள். பெரும்பாலான குழுக்கள் சோர்ந்துபோவது இதனால்தான்.

சிரிப்பு மன்றங்களால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். 2017-ல் பின்லாந்தின் துர்க்குவில் நெருங்கிய நண்பர்களோடு அரைமணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள் பார்த்துச் சிரித்தவர்களின் மூளையில் எண்டார்ஃபின் வகைச் சுரப்பு ஸ்கேனில் தெரிந்தது. மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-ல் பூங்காவில் தொடங்கிய சிரிப்பு மன்றம் போலிச் சிரிப்பில் ஆரம்பித்து நிஜச் சிரிப்பில் முடிவது. கூச்சமுள்ளவர்களுக்கு முதல் 2, 3 நாள் கொடுமையாக இருக்கும். வயிறு குலுங்கிச் சிரித்தால்தான் கணக்கு. புன்னகை போதாது.

வேகமாக மூச்சு விட்டால் கிறுகிறுப்பு வருகிறது. அது பரவசமா?

இல்லை. வேகமாக ஊதும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல் நுனி மரத்து, உதடு துடித்து, தலை மிதக்கும். மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வரும் மிதப்பு அது. தண்ணீருக்குள்ளோ, தண்ணீருக்கு அருகிலோ, வண்டி ஓட்டும்போதோ ஒருநாளும் செய்யாதீர்கள். மூச்சு வாங்கச் சொல்லித் தூண்டுவதே கார்பன் டை ஆக்சைடுதான். அதைக் குறைத்துவிட்டு முங்கினால் மூச்சுமுட்டல் தெரியாமலே நினைவிழந்து மூழ்கிப்போவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகக் கழுத்தை நெரித்துக்கொள்வதும் இதே ரகம். நொடிக்கணக்கில் உயிர்போகும்.

பாதுகாப்பான முறை ஒன்று உண்டு. மூக்கால் இழுங்கள், நிரம்பியதும் அதன்மேல் இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் மிக நீளமாக விடுங்கள். இப்படி 5 நிமிடம். 2023-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் தினமும் இதை ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பொங்காது, ஆனால் தெளியும்.

காரம் சாப்பிட்டால் ஒரு கிறக்கம் வருமே?

வரும், சிறிய அளவில். மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தட்டுகிறது. 1997-ல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. நாக்கு எரிகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது, உண்மையில் எதுவும் எரியவில்லை. அந்த நிம்மதியில் வரும் கிறக்கம் சில நிமிடம்தான். எரிச்சல் தாங்காவிட்டால் தயிர் சாப்பிடுங்கள், கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அல்சர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தால் விடியலில் ஒரு குஷி வருகிறதே?

உண்மைதான். தூக்கமின்மை மூளையின் மகிழ்ச்சிப் பாதைகளைத் தற்காலிகமாகச் சீண்டிவிடும். மாலையில் அது எரிச்சலாக மாறும். குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (மனம் அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) இருந்தால் ஓர் இரவு விழிப்பே நோயைத் தூண்டிவிடக் கூடும். வேண்டாம்.

"இயற்கை" மூலிகை, விதை எதையாவது பயன்படுத்தலாமா?

கூடாது. செடியில் விளைந்தாலும் போதை போதைதான், விஷம் விஷம்தான். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் இரண்டும் பரவசம் தருவதில்லை. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, காய்ச்சல் ஏறி, எதிரில் இல்லாத ஆளோடு பேசும் பித்தநிலைதான் மிஞ்சும். ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் வீரியம் வேறு, அதனால் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. சாதிக்காயைப் பாயசத்தில் சேர்ப்பது வேறு, கிறக்கத்துக்காக அள்ளித் தின்பது வேறு: வாந்தியும் படபடப்பும் ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கும். பாக்கின் லேசான கிறுகிறுப்புக்குப் பின்னால் வாய்ப்புற்று இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது.

தினமும் செய்தால் மரத்துப்போகுமா?

மரத்துப்போகும். மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளிடம் பார்த்தது இதுதான்: எதிர்பாராமல் கிடைத்த பழச்சாற்றுக்கு டோபமைன் நரம்புகள் துடித்தன, வழக்கமாகிவிட்ட பிறகு அதே சாற்றுக்கு அவை அசையவில்லை. ஆகவே ஓடும் பாதையை மாற்றுங்கள். புல்லரிக்க வைக்கும் பாட்டை மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கேட்காதீர்கள். குளிர்நீர் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். கூட்டு ஆட்டம் மட்டும் இதில் சற்று விதிவிலக்கு. மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அது சீக்கிரம் சலிப்பதில்லை.

இதற்கும் அடிமையாக முடியுமா?

ஓட்டத்துக்கு முடியும். கால் எலும்பில் கீறல் என்று தெரிந்தும் ஓடுவது, ஒரு நாள் தவறினால் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவது, ஓட்டத்துக்காக வேலையையும் உறவையும் தள்ளிப்போடுவது ஆகியவை அடையாளம். மாதத்தில் ஒரு வாரம் வேண்டுமென்றே ஓடாமல் இருந்து பாருங்கள். இருக்க முடியவில்லை என்றால் உளவியல் ஆலோசகரிடம் பேசுங்கள்.

எதுவும் செய்யாமலே சில நாளாக மனசு பொங்குகிறது. நல்லதுதானே?

எப்படிப்பட்ட பொங்கல் என்று பார்க்க வேண்டும். 3 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, கடன் வாங்கிச் செலவு, பெரிய பெரிய திட்டம், தடுத்தால் கோபம், இவை தொடர்ந்து 4 நாளுக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த நிலையில் இருப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். கவனிக்க வேண்டியது வீட்டார். மேலே சொன்ன குளிர்நீர், வேக மூச்சு, இரவு விழிப்பு எதையும் அவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

குடியை விட்டுவிட்டேன். எதிலும் சந்தோஷமே இல்லை. இதெல்லாம் எனக்கு வேலை செய்யுமா?

செய்யும், கொஞ்சம் தாமதமாக. பல வருடம் வெளியிலிருந்து வந்த வெள்ளத்துக்குப் பழகிய மூளைக்கு, உள்ளே சுரக்கும் சிறு அளவு முதலில் உறைக்காது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உலகமே சாம்பல் பூத்ததுபோல இருக்கும். அது தேறிவரும் காலத்தின் ஒரு பகுதி. அந்த நேரத்தில் பரவசத்தைத் தேடி ஓடாமல், 20 நிமிட நடையையும் ஆட்கள் கூடும் ஏதாவது ஒரு குழுவையும் பிடித்துக்கொள்ளுங்கள். தனிமைதான் பலரையும் திரும்பக் கடைக்கு அனுப்புகிறது.

இன்னும் நிறுத்தாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் 2 நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் உளறல், காய்ச்சல், உயிராபத்தும் வரலாம். மருத்துவமனையில் மருந்தின் துணையோடு நிறுத்துவதே வழி. இந்தியாவில் மனநல உதவிக்கு 14416, போதைப் பழக்கத்துக்கு 14446, இலங்கையில் மனநல உதவிக்கு 1926 ஆகிய எண்களில் பேசலாம்.

குடிப்பழக்கத்துக்காக மருத்துவர் நால்ட்ரெக்ஸோன் எழுதிக் கொடுத்தவர்கள், "மாத்திரை என் மகிழ்ச்சியையும் அடைத்துவிடுமா?" என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவது உண்டு. ஹாம்பர்க்கில் 45 நிமிடம் ஓடிப் பரவசம் கண்டவர்கள் விழுங்கியிருந்தது அதே மாத்திரையைத்தான். நிறுத்த வேண்டியதில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.